பேய்க்கணவாயின் பிடி

என் மருமகளை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமானால் ஆணி அடித்தால்தான் உண்டு. சாப்பிடும்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். பல் துலக்கிக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவாள். தூக்கத்திலும் கால் ஆடுமாம், என் மகன் சொன்னான். வீட்டுக்குள் வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டேன். அவளுக்கும் அது பிடித்துப் போனது.

கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி போட்டு வைத்தேன். கண்ணில் பட்டால் உட்காரத் தோன்றுமே என்ற நப்பாசைதான். அவள் அதைச் சுற்றி நடந்தாள். அவசரத்தில் முழங்காலில் இடித்துக்கொண்டு "ஐயோ அத்தை, இந்த முக்காலி!" என்பாள். "முக்காலி உன்னை இடிக்கல, நீதான் அதை இடிச்சே" என்பேன் நான். ஒரு நாளைக்கு இது ரெண்டு தடவையாவது நடக்கும்.

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். பின்னால் ஒரு பட்டாளம் கத்திக்கொண்டே வரும்போது மெதுவாகப் பேசிப் பழகினால் பிழைக்க முடியுமா?

இந்தக் காலோடு அவள் எந்த வேலையில் நிலைப்பாள்? துணிக்கடையில் பில் போடும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். அவள் வாடிக்கையாளரோடு நடந்து வாசல் வரை போய்விட்டாள். தொலைபேசியில் பேசும் வேலைக்குப் போனாள். காதில் மாட்டிய ஒயரோடு எழுந்து நடந்ததில் கம்ப்யூட்டர் கீழே வந்தது. அப்புறம் பல் டாக்டர் வரவேற்பறை. இவள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்தே வந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியதாம், பாதிப் பேர் பல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். "உனக்கு வேலை குடுக்கறதுக்குப் பதிலா மாவு மெஷின்ல கட்டி விடலாம்" என்றேன். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. நாலாவது ஒன்று கிடைத்தாலும் அதுவும் போகுமோ என்ற பயம் அவளுக்கு வந்திருந்தது.

நாலாவது வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? டயர் கடைக்கு மேல் மாடியில், வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். மொத்தமே நாலைந்து பேர். நடத்துகிறவனுக்கு நெஞ்சு வரை தாடி, ஆகவே எங்கள் வீட்டில் அவன் பெயர் தாடி. இவளை நேர்முகத்துக்கு அழைத்து, தான் செய்த விளையாட்டை ஆடச் சொன்னானாம். மற்றவர்கள் எல்லாம் அவன் போட்டு வைத்த வழியிலேயே ஒழுங்காகப் போனார்கள். இவள் சுவரில் முட்டினாள், கூரை மேல் ஏறினாள், கதவை எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள், விளையாட்டே இல்லாத ஒரு பள்ளத்தில் போய் விழுந்தாள். தாடி கைதட்டிவிட்டானாம். விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்றானாம். மூன்று மாதம் பார்ப்போம், விளையாட்டு வெளியாகிற அன்று வேலையை நிரந்தரமாக்குவோம் என்று பேச்சு.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. விளையாடுவதற்குச் சம்பளமா? ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வேலை எப்படியாவது நிலைக்க வேண்டுமே என்று வேன் ஓட்டும்போதெல்லாம் எனக்கு அடித்துக்கொண்டது.

விளையாட்டு இதுதான். கடலில் மூழ்கின ஒரு பழைய கப்பல். கையில் விளக்கோடு ஒரு சிறுமி, உடைந்த பலகை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி மேலே வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி வழிமறிக்கும். அதை அவர்கள் பாஸ் என்கிறார்கள். வேலைக்குப் போகிற எவருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர். கடைசி பாஸ் ஒரு பேய்க்கணவாய், கணவாய் மீன் உருவத்தில் ஒரு பேய். பத்துக் கை, கண்ணாடி மாதிரி உடம்பு, பின்னால் இருக்கிற பலகை அதன் வழியாகவே தெரியும். விளக்கால் அடித்தால் அடி புகையில் போவதுபோல் போய்விடும். அது கெட்டியாகிற நேரம் பார்த்து அடித்தால்தான் சாகும்.

என் மகனை நிஜக் கப்பல் பிடித்து வைத்திருக்கிறது, எஞ்சின் அறையில் வேலை. மருமகளைக் கப்பல் பேய் பிடித்து வைத்திருக்கிறது. "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்று நான் சொன்னால், "ஏற்கெனவே ஏறி இறங்கிட்டேன் அத்தை, ஜெயிச்சாச்சு" என்பாள். உண்மைதான். அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு படம். ஜெயிக்க முடியும் என்று சோதித்துப் பார்த்ததும் படத்தின் பக்கத்தில் ஒரு பச்சைக் காந்தத்தை ஒட்டுவார்கள். பேய்க்கணவாய்க்குப் பச்சை ஒட்டியவள் இவள்தான்.

வெளியீட்டுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு மதியம், கடைக்குப் போகப்போகிற அதே பிரதியை வீட்டு டிவியில் போட்டு எனக்குக் காட்டினாள். கப்பல் கட்டங்களையெல்லாம் ஜம்மென்று தாண்டினாள். பேய்க்கணவாய் வந்தது. ஒரு கையை நீட்டிச் சிறுமியைச் சுற்றியது. இவள் எல்லாப் பொத்தானையும் அமுக்கி உதறினாள். அடுத்த நொடி சிறுமி செத்தாள். மறுபடி. மறுபடியும் செத்தாள். எனக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"ஏம்மா, ஜெயிச்சாச்சுன்னு சொன்னே?"

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு முக்காலியைச் சுற்ற ஆரம்பித்தாள். இடித்துக்கொண்டாள். திட்டக்கூட இல்லை.

"அத்தை, சாகாவரம்..." என்றாள்.

விஷயம் என்னவென்றால், சோதிக்கிறவர்களுக்கு என்று ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சிறுமிக்குச் சாவே கிடையாது. சுவர் சரியாக இருக்கிறதா, பலகை ஆடுகிறதா என்று நிம்மதியாகப் பார்க்க அது வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாகாவரம். போட்டால் சிறுமி தலைக்கு மேல் ஒரு தங்க வளையம் தெரியும். பேய்க்கணவாய் அறையில் ஒரே புகை, வளையம் மறைந்துவிட்டது. இவள் சாகாவரத்தை எடுக்க மறந்து போனாள். பிடித்த பேய் கொல்ல முடியாமல் முழித்துக் கெட்டியாகிவிட, இவள் பிடிக்குள்ளிருந்தே நாலு சாத்து சாத்தி ஜெயித்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் பச்சையை ஒட்டிவிட்டாள். இந்தப் பிரதியிலோ சாகாவரமே கிடையாது.

"அப்ப அதை நிஜமா யாராலயும் ஜெயிக்க முடியாதா?"

"தெரியலையே அத்தை! ஏதோ ஒரு வழி வச்சிருப்பாரு. யாருக்கும் சொல்ல மாட்டாரு, நாங்களே கண்டுபிடிக்கணும்னு."

அந்த நேரம் பார்த்துக் கப்பலிலிருந்து மகன் கூப்பிட்டான். எப்போதாவதுதான் அவனுக்குச் சிக்னல் கிடைக்கும். இவள் போட்டது போட்டபடி பால்கனிக்கு ஓடினாள். நான் டிவியைப் பார்த்தபடி இருந்தேன். பேய் வந்தது. தனியாக நின்ற சிறுமியைச் சுற்றியது. சிறுமி அசையவில்லை, அசைக்க ஆள் இல்லையே. பேயும் கொல்லவில்லை. பிடித்தபடியே மெல்ல மெல்ல வெளுத்து, பின்னால் இருந்த பலகை மறைந்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி கெட்டியாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டுப் போனது.

"அடியே! உன் பேய் கெட்டியாயிடுச்சுடி!" என்று நான் போட்ட சத்தம் கப்பலுக்கே கேட்டிருக்கும்.

ஆக, வழி அதுதான். அது பிடிக்கும்போது அசையக் கூடாது. அசையாமல் நின்றால் கெட்டியாகும், அப்புறம் அடிக்கலாம். எனக்கு ஒரே குதூகலம். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "இப்ப ஆடு. பிடிச்சதும் கையை எடுத்துடு, அவ்வளவுதான்" என்றேன்.

பேய் பிடித்தது. அவள் விரல் தானாகத் துள்ளியது. சிறுமி செத்தாள். "மறுபடி" என்றேன். மறுபடியும் துள்ளினாள். முழங்கால் வேறு ஆடி சோபாவே குலுங்கிற்று. "அட, ஒரு நிமிஷம் அடங்கேன்!" என்று சொல்லி, அடுத்த தடவை பேய் சுற்றியதும் நான் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் கன்ட்ரோலர் பறந்து போய்ச் சுவரில் மோதியது. எழுந்து கதவோரம் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. என் மருமகளை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"மன்னிச்சுக்கங்க அத்தை. நீங்கன்னு தெரியும். ஆனா என் கைக்குத் தெரியல" என்றாள்.

அவளே நடந்துகொண்டே சொன்னாள். ஜன்னல் வரை ஒரு வாக்கியம், அடுப்படி வரை ஒரு வாக்கியம்.

"எங்கப்பா மணிக்கட்டைத்தான் பிடிப்பாரு. ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அடிப்பாரு. எங்கம்மா கதவுக்கிட்ட நின்னு, ஆடாம நில்லும்மா, ஆடாம நின்னா சீக்கிரம் விட்டுருவாருன்னு சொல்லுவாங்க. நான் நின்னேன் அத்தை. எத்தனையோ வருஷம் நின்னேன். அவரு விட்டதே இல்ல. ஒரு நாள் உதறிட்டு ஓடினேன். பெரியம்மா வீடு வரைக்கும் ஓடினேன். அப்புறம்தான் அடி நின்னுச்சு. ஆனா என் கால் மட்டும் நிக்கல."

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது. அந்த மனிதன் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணை நல்லாப் பாத்துக்கங்க சம்பந்தி" என்று கண் கலங்கியவன். என்ன மரியாதையான ஆள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பி வந்து, என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "இதோ பாரு, வழி ஒண்ணு இருக்குல்ல? நீ ஜெயிக்காட்டி என்ன, மத்தவங்க ஜெயிப்பாங்க. பச்சை ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும். தவளை தன் வாயால கெட்டுச்சாம். வேலை முதல்ல நிலைக்கட்டும்."

"நான் சோதிச்சேன்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் நின்றாள். நிஜமாகவே ஒரு கணம் நின்றாள். "பிடிச்சா ஆடாம நில்லு, அப்பதான் தப்பிப்பேன்னு அந்த விளையாட்டு சொல்லுது அத்தை. அதுக்கு நான் பச்சை ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

நான் போய்ச் சுவரோரம் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவளை வேனிலேயே கொண்டுபோய் விட்டேன். "சொல்லிட்டு வந்துடறேன், நீங்க கெளம்புங்க" என்றாள். கிளம்புகிறேன் என்று தலையாட்டிவிட்டு டயர் கடைக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தினேன். வேலை போய்விட்டால் இந்தத் தடவை அவள் உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். உட்கார முடியவில்லை. இறங்கினேன். வேனை ஒரு சுற்றுச் சுற்றினேன். டயரை உதைத்துப் பார்த்தேன். எவளோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சீட்டில் வைத்தேன், மறுபடி எடுத்து முன்னால் வைத்தேன். டயர் கடைக்காரர், "காத்து ஏதும் கம்மியாம்மா?" என்றார். "எனக்குத்தான் கம்மி" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் பம்பரம் நின்றிருந்தாள். பச்சைக் காந்தம் அவள் கைக்குள் இருந்தது. சாகாவரக் கதையை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள் போலிருக்கிறது. தாடி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தான்.

"அப்ப பச்சை ஒட்டினப்போ நீங்க வழியைக் கண்டுபிடிக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

அவன் திரும்பி, படம் வரைகிற பெண்ணைப் பார்த்தான். "நீங்க ஜெயிச்சீங்களே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது... எனக்கும் சாகாவரம் ஆன்ல இருந்துச்சோ என்னமோ. இவங்க ஆடின மெஷின்லதான் நானும் ஆடினேன்."

இசை போடுகிறவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "நானும் அதுலதான்" என்றான்.

பாவம், தாடியின் முகம் விழுந்துவிட்டது. அத்தனை பேரும் ஜெயித்தார்கள் என்றதும், தான் ஒளித்து வைத்த ரகசியத்தை அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவன் உச்சி குளிர்ந்து போயிருந்திருக்கிறான். ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான். "சரி. மறந்தது பெரிய தப்பு, அதை அப்புறம் பேசுவோம். இப்ப அறைக்கு முன்னால ஒரு பலகையில 'அசையாதே'ன்னு எழுதிடலாம். முடிஞ்சுது. பச்சையை ஒட்டுங்க."

"எழுதிப் போட்டாலும் நான் நிக்க மாட்டேன் சார்."

"அதுதாங்க இந்த பாஸோட அழகே. பயந்தவன் துள்ளுவான், துணிஞ்சவன் அசையாம நிப்பான்."

"பயந்துதான் சார் நின்னுக்கிட்டு இருந்தேன். துணிஞ்சப்பறம்தான் உதறினேன்" என்றாள் பம்பரம். கால் ஆடிக்கொண்டே இருந்தது. "பிடிச்சா உதறிட்டு வரவும் ஒரு வழி இருக்கணும். நிக்கறவங்க நின்னு ஜெயிக்கட்டும். என்னால முடியாது, என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேரால முடியாது."

"ஒருத்தருக்காக விளையாட்டை மாத்த முடியுமாங்க? வெள்ளிக்கிழமை வெளியீடு!"

"அப்ப இதை ஒட்ட என்னால முடியாது" என்று காந்தத்தை அவன் மேசைமேல் வைத்தாள்.

போச்சு, வேலை போச்சு என்று எனக்குக் காதடைத்தது. பேசவே கூடாது என்று படியேறும்போது எனக்கு நானே சத்தியம் பண்ணியிருந்தேன். அது என்னிடம் எங்கே நிற்கும்? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"தம்பி, நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். புதுசா ஒரு பிள்ளை வண்டியில ஏறினா முதல் நாளே நான் சொல்லித் தர்றது என்ன தெரியுமா? தெரியாதவன் எவனாவது கையைப் பிடிச்சா உதறு, கடி, கத்து, ஓடி வந்து என் வண்டியில ஏறு. அந்தப் பிள்ளைங்கதானே உன் விளையாட்டை வாங்கப் போகுது?"

"இவங்க யாரு?" என்றான் தாடி.

"எங்க அத்தை" என்றாள் அவள், தலையில் கையை வைத்துக்கொண்டு.

தாடி என்னைப் பார்த்தான், பலகையில் இருந்த கணவாயைப் பார்த்தான். கோபம்தான், நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவன் கண் அந்தக் கணவாயின் கைகளையே சுற்றிச் சுற்றி வந்தது. செய்கிறவன் புத்தி அப்படித்தான் போலிருக்கிறது.

"உதறினா என்ன ஆகணும்?" என்று அவளிடம் கேட்டான், கடுப்பாகவே.

"கை ஒண்ணு பிய்ஞ்சு வரணும் சார். நல்லா உதறினாத்தான். சும்மா ஒரு தடவை அமுக்கினா வரக் கூடாது."

"பிய்ஞ்சா?"

"அதுக்கு வலிக்கணும். வலிக்கற வரைக்கும் கெட்டியா இருக்கணும். அப்ப அடிக்கலாம்."

"கடவுளே, பிய்ஞ்ச கையெல்லாம் நான்தானே வரையணும்!" என்று படம் வரைகிற பெண் மேசையில் தலையைச் சாய்த்தாள்.

வெள்ளிக்கிழமை வெளியீடு தள்ளிப்போனது. போகும்போது நான் விடாமல், "அப்ப இவ வேலை?" என்று கேட்டேன். "மறந்ததுக்குத் தண்டனை, நிரந்தரம் இன்னும் மூணு மாசம் கழிச்சுத்தான்" என்றான் தாடி. அப்புறம் கொஞ்சம் இறங்கி, "அதுவரைக்கும் நடக்கட்டும்" என்றான். நடக்கிறதில் எங்களுக்கு என்ன குறை என்று சொல்ல வாய் துடித்தது. பம்பரம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் நான் வேனைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அத்தை! சாகாவரம் இல்ல, ஒண்ணும் இல்ல. எடுத்தாச்சான்னு மூணு பேரும் மாறி மாறிப் பாத்தாங்க. அது வந்துச்சு. சுத்திக்கிச்சு. இடுப்போட சேத்துப் பிடிச்சுது. நான் உதறறேன், விடல. உதறறேன், விடல. விரல் வலிக்குது அத்தை, நான் நிறுத்தல..."

சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து கையை வீசிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். திரும்பும்போது வழக்கம்போல முக்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தாள், முழங்கால் இடிக்க ஒரு அடிதான் பாக்கி.

நான் எழுந்து முக்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டேன்.

அவள் காலி இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து போயிற்று, ஆனாலும் கால் நிற்கவில்லை.

"ம், நடந்துக்கிட்டே சொல்லு" என்றேன். "அப்புறம்? கை பிய்ஞ்சுதா?"